ஏழு பலகைக் கடை

வெண்டைக்காய் இந்த உலகத்தில் தோன்றிய நாளிலிருந்து, அதை விஞ்ஞான முறைப்படி விற்ற முதல் மனிதன் அற்புதராஜ்தான். சந்தேகம் உள்ளவர்கள் அவனிடமே கேட்டுக்கொள்ளலாம். அவன் மறுக்க மாட்டான்.

இந்த உண்மையை அவன் வெளியிட்ட இடம் சிங்கப்பூரின் தேக்கா சந்தை. நேரம், விடிந்தும் விடியாத காலை ஆறரை. வருடம் எண்பத்தைந்து. முதுகில் வெங்காய மூட்டை. சணல் முனை பின்கழுத்தை அறுத்தது. வியர்வை இறங்கி அந்தக் கீறலில் எரிந்தது.

"தம்பி, பேசாம நடங்க," என்றார் பின்னால் இரண்டு மூட்டையோடு வந்த செல்லக்கண்ணு. அதே கடையில் காய் விற்பவர், லாரி இறக்குவதில் எல்லாருக்கும் மூத்தவர். "வாயால மூச்சு விட்டா மூட்டை கூடக் கனக்கும்."

அற்புதராஜும் அவன் கூட்டாளி பரமசிவமும் வணிக நிர்வாகப் பட்டதாரிகள். நாடெங்கும் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அந்த வருடத்திலும், பெரிய வங்கியொன்று இருவரையும் வேலைக்கு அழைத்தது. இருவரும் டை கட்ட மறுத்து, காய்கறி விற்கத் தேக்காவுக்கு வந்தார்கள். செய்தி கேட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தார் அற்புதராஜின் அப்பா சூசைநாதன். மகன் மூட்டை தூக்கக் கூடாது என்றுதான் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் அவர் முப்பது வருடம் மூட்டை தூக்கினார்.

நாலாம் நாள் பேசினார். பேசியது பழைய கதை. கூலியைக் குறைத்தபோது கிடங்கு வாசலை மறித்து எல்லாரும் எப்படி உட்கார்ந்தார்கள் என்பது. அற்புதராஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிப்பா. உக்காந்துட்டா புரொடக்டிவிட்டி என்னாவுறது?" என்றான். சூசைநாதன் எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

கடை ஒன்று, அதற்குள் பலகை ஏழு. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு குடும்பம் வாடகை கட்டியது. கடைசிப் பலகை பட்டதாரிகளுடையது. முழு லாரிக்குச் சரக்கு எடுத்தால்தான் மலேசியாவின் ஜொகூரிலிருந்து வண்டி வரும் என்பதால், பலகைக்காரர்கள் ஏழு பேரும் சேர்ந்தே எடுத்தார்கள், சேர்ந்தே இறக்கினார்கள். தினம் ஒருவருக்கு 'முதல் கை'. அவர் பொறுக்கிய பிறகே மற்றவர்கள் தொடலாம். கடைசியாகக் கை வைப்பவருக்கு நசுங்கலும் வாடலும்தான் மிஞ்சும். அதனால் மறுநாள் முதல் கை அவருக்கு. யார் எழுதிய சட்டமென்று தெரியாது. இதுவரை ஒரு சண்டை வந்ததில்லை.

அற்புதராஜுக்கு இது காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது. ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கினான். இரண்டு வாரம் கடைக்குள் உலாவி ஒவ்வொருவரையும் அளந்தான். கீரைக்காரி உர்சுலா, "என்னா தம்பி எப்பப் பாத்தாலும் வாட்ச்சையே பாக்குறே?" என்று கேட்டபோது, "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்றான். பரமசிவம் டைப் அடிக்க, இருபத்திரண்டு பக்கத்தில், வரைபடங்களோடு, ஓர் ஆய்வறிக்கை பிறந்தது. அதைக் கடைச் சொந்தக்காரர் சுப்பிரமணியத்திடம் கொடுத்தால், அறிவை மெச்சி இன்னொரு பலகை தருவார் என்பது அவன் கணக்கு.

சுப்பிரமணியம் மெச்சினார். வெங்காய மூட்டை தூக்கிய அந்தக் காலையில்தான், லாரியில் பாதிச் சரக்கு இறங்கியிருந்தபோது, கையில் ஒப்பந்தத் தாளோடு வந்து நின்றார்.

"ஒரு கையெழுத்து தம்பி. இன்னையிலேருந்து முழுக் கடையும் உங்க ரெண்டு பேர் பொறுப்பு. லாபத்துல எனக்குப் பங்கு."

"முழுக் கடையா? அப்ப இவங்க?"

"உர்சுலாவும் செல்லக்கண்ணும் நாள்கூலிக்கு நிக்கட்டும். மத்தவங்க பலகையைக் காலி பண்ணட்டும்."

செல்லக்கண்ணு மூட்டையை இறக்கினார். உர்சுலா முளைக்கீரைக் கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

"பன்னெண்டு வருஷமா என் பலகைக்கு நான்தானே வாடகை கட்டுறேன், முதலாளி? இப்ப நான் கூலியா?"

"என்கிட்ட ஏன் கேக்குறே? படிச்சவங்க எழுதியிருக்காங்க." சுப்பிரமணியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிக்கையை விரித்தார். செய்தி வாசிப்பவர் குரலில் வாசித்தார்: "'ஏழு பேர் செய்யும் பணியை நால்வர் செய்ய முடியும். கீரைப் பிரிவில், ஐந்து மணி நேரத்தில் நாற்பத்தேழு நிமிடங்கள், விற்பனைக்குத் தொடர்பற்ற உரையாடலில் வீணாகின்றன.'"

லாரியின் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. உர்சுலா அற்புதராஜைப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்குன்னு சொன்னியே தம்பி."

அவன் கண்கள் பூசணிக்காய்களின் மேல் போய் நின்றன.

"அந்த நாப்பத்தேழு நிமிஷம் யாருகிட்டப் பேசினேன்னு எழுதினியா? கிளமெண்டிலேருந்து வர்ற பொண்ணு அது. புருஷனை ஷிப்யார்டுல வேலையை விட்டு நிப்பாட்டிட்டாங்க. ஒரு கட்டு கீரையை நாலு பேருக்கு எப்படி ஆக்குறதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அது எந்தப் பிரிவு?"

வாழையிலைப் பலகை ஆமினா பீவி மெல்லக் கேட்டாள்: "ஏன்பா, அதுல என் பேரு இருக்கா?"

"நீங்க... பிரிவு ஆறு, பீவிம்மா."

"பேரு இல்லையா?"

இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு பெயர்கூட இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. பரமசிவம் காதோடு, "டைப் அடிக்கும்போதே எனக்கு என்னமோ மாதிரி இருந்திச்சுடா," என்றான். "அப்பவே சொல்றதுக்கென்னடா?" என்றான் அற்புதராஜ். "நீதான் வெண்டைக்காய் விஞ்ஞானியாச்சே."

சுப்பிரமணியம் கடிகாரத்தைத் தட்டினார். "எட்டு மணி வரைக்கும் பாப்பேன். கையெழுத்து விழலைன்னா ஷட்டரை இறக்கிப் பூட்டிடுவேன். எல்லாரும் வெளியே. நாளைக்குக் கான்ட்ராக்ட் ஆளுங்க வருவாங்க."

"அப்ப இந்தச் சரக்கு?" என்றார் செல்லக்கண்ணு.

"வாடட்டும்."

அந்த ஒரு சொல்தான் எல்லாருக்கும் சுருக்கென்று தைத்தது. கீரை வாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க, அங்கே இருந்த எவருக்கும் தெரியாது. செல்லக்கண்ணு லாரிக்கு நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள். கூடைகள் கைமாறி வந்தன. ஆனால் உள்ளே போகவில்லை. ஷட்டர் விழும் கோட்டில், வாசலுக்கு நேராக இறங்கின. உர்சுலா ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில் செல்லக்கண்ணு. ஓரிடம் விட்டு ஆமினா பீவி. பிறகு மற்ற மூன்று பலகைக்காரர்களும்.

"என்னா இது, கூட்டமா?" சுப்பிரமணியம் சீறினார். "அஞ்சு பேரு சேர்ந்தா பெர்மிட் வேணும், தெரியும்ல? போலீஸைக் கூப்பிடவா?"

"கூட்டமா? யாவாரம் பாக்குறோம் முதலாளி," என்றாள் ஆமினா பீவி. "உங்களுக்கு என்னா வேணும்? வாழையிலை எத்தனை?"

யாரோ சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. பட்டதாரிகள் பக்கம் திரும்பினார். குரலில் தேன் வந்தது.

"தம்பி, இதெல்லாம் உங்களுக்காகத்தான் செய்றேன். மேனேஜர் ஆகப் போறீங்க. இவங்களைப் பாக்காதீங்க."

பேனா அற்புதராஜின் கைக்கு வந்துவிட்டது. ஒரு கோடு கிழித்தால் போதும். முழுக் கடை, பெயர்ப்பலகை, அப்பா தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஒரு பதவி. கிழிக்காவிட்டால் இருக்கும் ஒற்றைப் பலகையும் போய்விடும். இவன் உதறிய வங்கி மறுபடி கூப்பிடாது. வெங்காயச் சருகு ஒட்டிய விரல்களுக்குள் பேனாவைத் திருப்பிப் பார்த்தான்.

"முதலாளி, இந்த அறிக்கை தப்பு."

"எந்தப் பக்கம்? திருத்திக்கலாம்."

"எல்லாப் பக்கமும்."

"அட்டை மட்டும் பரவாயில்லை," என்றான் பரமசிவம்.

"ஏழு பேரு சேர்ந்து எடுத்தாத்தான் லாரியே வரும்," என்றான் அற்புதராஜ். "அதை நான் எழுதலை. ஏன்னா அதை அளக்க என்கிட்ட வாட்ச் இல்லை."

லாரி ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார் ஓட்டுநர் ஒலி முகம்மது. "நான் ஏழு பேருக்குத்தான் வர்றேன் லா. ஒரு மேனேஜருக்குக் காஸ்வே பாலம் தாண்டி யாரு வருவா?"

"வேற லாரிக்காரனே இல்லையா!" சுப்பிரமணியம் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கொக்கியை எடுத்து ஷட்டரை இழுத்தார். துருப்பிடித்த இரும்பு தெருவே திரும்பிப் பார்க்கக் கதறியது. இறங்கியது, இன்னும் இறங்கியது. உர்சுலா அசையவில்லை. கீரையின் மஞ்சள் இலைகளைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். தலைக்கு ஒரு சாண் மேலே ஷட்டர் நின்றது. அவர் கை நின்றதா, இரும்பு நின்றதா, யாருக்கும் தெரியவில்லை.

"நாளைக்கு வக்கீலோட வரேன்," என்றார். "எத்தனை நாள் உக்காருவீங்கன்னு பாத்துடறேன்."

நாளைக்குப் பலகை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. வெயில் தெருவின் எதிர்ப்பக்கச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. பரமசிவம் ஏற்கெனவே வரிசைக் கடைசியில் ஒரு கூடையின் பின்னால் இருந்தான். செல்லக்கண்ணுக்கும் ஆமினா பீவிக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

அற்புதராஜ் இஸ்திரி போட்ட கால்சட்டையைச் சற்றே தூக்கிவிட்டுக்கொண்டு, ஈரச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தான்.

உர்சுலா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. செல்லக்கண்ணின் மடியைத் தாண்டி ஒரு கட்டு கீரையை மட்டும் அவன் பக்கம் தள்ளினாள். "வேரைக் கிள்ளு. தண்டை ஒடிச்சிடாதே."

கிள்ளினான். மூன்றாவது கட்டில் இருந்தபோது, ஃபேரர் பார்க் பக்கமிருந்து வழக்கமாகக் காய் வாங்க வரும் பிரிஜட் டீச்சர் பையோடு வந்து நின்றாள். பாதி இறங்கிய ஷட்டரைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த இருவரும் நார்க்கூடையைத் தூக்கிக்கொண்டு அவளைத் தொடர்ந்து வந்தார்கள்.

"இங்க இடம் இருக்கா?" என்றான் ஒருவன்.

அற்புதராஜ் நகர்ந்து உட்கார்ந்தான்.