எட்டாவது ரவுண்டு

வீட்டில் பதினெட்டு வருஷம் இலவசமாக வாங்கியதைத்தான் கல்லூரியில் சேர்ந்த பிறகு கூலிக்கு வாங்க ஆரம்பித்தேன்.

வேலை இதுதான். போட்டிக்குத் தயாராகிற பாக்ஸிங்காரிகளுக்கு எதிரே ரிங்கில் நிற்க வேண்டும். அவர்கள் அடிப்பார்கள். நான் கொஞ்சம் விலகி, கொஞ்சம் தடுத்து, மிச்சத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ரவுண்டுக்கு இவ்வளவு என்று கூலி. மணி அடிப்பதற்குள் விழுந்துவிட்டால் அந்த ரவுண்டுக்குக் காசு கிடையாது. திருப்பி அடிக்கலாம், ஆனால் பார்த்து அடிக்க வேண்டும். போட்டிக்குப் போகிறவளின் புருவத்தைக் கிழித்துவிட்டால் என் பிழைப்பில் மண். கிளப்பில் எனக்குப் பெயர் 'மூட்டை'. கொக்கியில் தொங்கும் மணல் மூட்டை கூலி கேட்காது, நான் கேட்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு சட்டமும் உண்டு. கோச் முதல் நாளே சொல்லிவிட்டார்: "கயித்துக்கு வெளிய எவ கை ஓங்கினாலும் அன்னைக்குக் கூலியும் இல்ல, அடுத்த நாள் வேலையும் இல்ல. யாரு, என்ன காரணம்னெல்லாம் நான் கேக்க மாட்டேன்."

அவர் என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம்தான். அடி வரும்போது நான் கண்ணை மூடுவதில்லை. அதை எங்கே கற்றேன் என்று அவர் கேட்கவில்லை. அப்பா இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவும்போது கண்ணை மூடினால் அது எங்கே விழும் என்று தெரியாது. தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகைக் கொடுக்கலாம்.

அப்பாவுக்கு டயர் கடை. காசுக்குப் பஞ்சமில்லை. "என் காசுல படிக்கிறவ என் பேச்சைக் கேட்டுத்தான் ஆகணும்" என்பார். அவர் பேச்சு பெரும்பாலும் கையால்தான். செயற்கைப் பல் செய்யும் படிப்பில் இடம் கிடைத்தபோது, அதெல்லாம் வேண்டாம், கடையில் வந்து உட்கார் என்றார். மாட்டேன் என்றேன். அன்றைக்கு என் கடைவாய்ப் பல் ஒன்று போனது. வாயிலிருந்த ரத்தத்தை அவர் காலடியில் துப்பிவிட்டு, "உங்க காசுல ஒரு பைசா என் படிப்புல படாது" என்று சொல்லிக் கிளம்பினேன். பல் கட்டப் படிக்கப் போகிறவளுக்கே பல் இல்லை. நல்ல சகுனம்தான்!

கடைசித் தவணை கட்ட வேண்டிய கடைசி நாள் அது. மாலைக்குள் கட்டாவிட்டால் தேர்வு எழுத விட மாட்டார்கள். கையிலிருந்தது போக எனக்கு எட்டு ரவுண்டு கூலி வேண்டும். ஏழில் முடித்துக்கொண்டு போனால் வருஷம் போச்சு. கோச் முன்பணம் தருகிற ஆள் இல்லை. கேட்டவர்களை அவர் திட்டியதைக் கேட்டிருக்கிறேன்.

எதிரே நின்றவள் 'பெரிய கை'. பட்டப்பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பட்டப் போட்டி. அன்று அவள் விளையாடவில்லை, வெளுத்தாள். நாலாவது ரவுண்டில் விலாவில் ஒன்று விழுந்து மூச்சு அப்படியே நின்றது. ஐந்தாவதில் மூக்கு உடைந்து ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது, விழுங்கிக்கொண்டே நின்றேன். ஆறாவதில் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. ஏழாவதில் முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்காமல் மடங்கின. கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொங்கினேன். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது.

"போதும், மூட்டை. செத்துகித்துத் தொலைச்சிடாத" என்றார் கோச், என் தலைக்கவசத்தைக் கழற்றி ரத்தத்தைத் துடைத்தபடி.

"இன்னும் ஒண்ணு. எட்டு வேணும் கோச்."

அப்போதுதான் கதவு படாரென்று திறந்தது.

"என் பொண்ணை எவன்டா அடிச்சது?"

அப்பா. கையெல்லாம் டயர்க் கறுப்பு. என் வீங்கிய முகத்தைத் தெருவில் பார்த்த யாரோ, நான் இங்கே வருவதையும் சேர்த்துக் கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவரை வெளியே அனுப்பிவிடலாம் என்று நான் ரிங்கைவிட்டு இறங்கினேன்.

"எவன் இல்ல. நான்தான் அடிச்சேன். அது அவ வேலை" என்றாள் பெரிய கை, மேலேயிருந்து.

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் தோளைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். அதுதான் அப்பா.

"ஊரான்கிட்ட அடி வாங்கிச் சம்பாதிக்கிறியாடி? என் மானம் மரியாதை என்ன ஆவறது?"

அறை இடது பக்கம் வந்தது. மூடிய கண்ணின் பக்கம் என்பதால் பார்க்க முடியவில்லை. கன்னத்தில் விழுந்தது.

இவ்வளவுதானா?

இதற்காகவா கட்டிலுக்கடியில் ஒளிந்தேன்? இதற்காகவா அவர் செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளாடை நனைந்தது? இடது கை தானாக இறுகியது. அவர் தாடை தடுப்பில்லாமல் திறந்து கிடந்தது. ஒன்று, ஒன்றே ஒன்று போதும், பேசுகிற வாய் ஒரு மாதத்துக்குக் கஞ்சிதான் குடிக்கும். அந்த ஒன்றின் விலை என் படிப்பு.

கையைத் தொங்கவிட்டேன்.

கோச் வந்து அவர் தோளைப் பிடித்தார். அப்பா தள்ளியதில் கோச் பெஞ்சோடு சேர்ந்து விழுந்தார். பெரிய கை கயிற்றைத் தாண்டிக் குதித்தாள்.

"அக்கா, வேணாம்! ஞாயித்துக்கிழமை போட்டி போயிடும்!" என்று கத்தி அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

முதுகில் பெல்ட் விழுந்தது. திரும்பினேன். இரண்டாவது வீச்சில் பெல்ட்டின் கொக்கி என் புருவத்தைப் பிளந்தது. இருந்த ஒரு கண்ணும் சிவப்பாகிவிட்டது. நான் அசையாமல் நின்றது அவரை இன்னும் வெறியாக்கியது. பெல்ட்டை எறிந்துவிட்டு முஷ்டியை மடக்கினார். தோளைப் பின்னால் இழுத்தார். எவ்வளவு மெதுவாக இழுத்தார்! விலகியிருக்கலாம். விலகவில்லை.

வெறுங்கையால் அடிக்கிறவனுக்கு முகத்தைக் கொடுக்கக் கூடாது, நெற்றியைக் கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. தாடையை நெஞ்சில் புதைத்துத் தலையைத் தாழ்த்தினேன்.

காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். எனக்கு ஒரு நொடி எல்லாம் வெள்ளையாகி, திரும்ப வந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அலறினார். இரண்டு விரல்கள் வேறு திசையைப் பார்த்தன.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பாவமாகவும் இருந்தது, எட்டி ஒரு உதை விடலாம் போலவும் இருந்தது.

"வீட்டுக்கு வாடி. நானே ஃபீஸ் கட்டறேன்" என்றார் அழுகைக்கு நடுவில்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கப்பா" என்றேன்.

கோச் முனகிக்கொண்டே எழுந்து அவர் கையில் ஐஸ் பையை வைத்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து என் கூலியை எடுத்தார்.

"ஏழு."

"எட்டு" என்றாள் பெரிய கை.

"ஏழுதானேம்மா நடந்துச்சு?"

"எட்டாவது உங்க கண்ணு முன்னாலதானே நடந்துச்சு? விழுந்தாளா? கை ஓங்கினாளா?"

கோச் என்னைப் பார்த்தார். தரையில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார். எட்டு ரவுண்டுக்கும் எண்ணிக் கொடுத்தார்.

கல்லூரியில் ஃபீஸ் கவுன்டர் மூடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு மறு கையால் பணத்தை நீட்டினேன். உள்ளே இருந்த கிளார்க் அம்மாள் பதறிவிட்டாள்.

"ஐயோ, என்னம்மா இது? இந்தக் கோலத்துல நீ வந்து கட்டணுமா? அப்பா கிப்பா யாரும் இல்லையா?"

"இருக்காரு. இதுல அவர் பங்கும் இருக்கு."

ஒரு பைசா படாது என்று சொல்லியிருந்தேன். பட்டுவிட்டது. ரசீதை வாங்கி, ரத்தம் படாத பக்கத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.