ஏழாம் தூணின் பெட்டி

பாலத்தின் பன்னிரண்டு தூண்களிலும் உள்ளங்கையளவு சென்சார் பெட்டிகளை ஒட்டியவள் அவள்தான். தூண் மயிரிழை சாய்ந்தாலும் பெட்டி கண்டுபிடித்து, கம்பியே இல்லாமல் கரையில் இருக்கும் அறைக்குச் சொல்லிவிடும்.

முதல் வாரமே மானம் கப்பலேறியது. ஒரு நாள் முழுக்க ஏற்ற இறக்கத்தைக் கவனித்துவிட்டு எல்லை குறித்திருக்க வேண்டும். அவசரக்குடுக்கை, குளிர்ந்த காலை அளவையே பூஜ்யமாக வைத்துவிட்டாள். உச்சி வெயிலில் பன்னிரண்டும் சேர்ந்து அலறின. பாலத்தை மூடினார்கள். சாயங்காலம் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. பஸ் ஓட்டுகிற அவள் அண்ணன் சும்மா இருப்பானா?

"வெயில்ல இரும்பு நீளும்னு கண்டுபிடிக்கவா இத்தனை படிப்பு?"

அவளுக்கோ வெட்கத்தைவிட வியப்புதான் பெரிதாக இருந்தது. அவ்வளவு பெரிய பாலம் தினமும் விரிந்து சுருங்குகிறது. மேலே போகிற ஒருவருக்கும் தெரியவில்லை! திரைமுன் உட்கார்ந்தால் சோறு தண்ணீர் மறந்துபோனது.

பத்தாம் நாள் மாலை, ஏழாம் பெட்டி மட்டும் முழுதாகப் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் பாக்கி.

"பெட்டி கெட்டிருக்கும்மா," என்றார் மேலதிகாரி. "இன்னொரு தடவை பொய்யா மூடினா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அந்தத் தூணின் மேல்தான் அண்ணன் ஐம்பது பேரோடு போய் வருகிறான்.

உடனே படகில் போய், மூன்றாம் பெட்டியையும் ஏழாம் பெட்டியையும் இடம் மாற்றி ஒட்டினாள். கோளாறு பெட்டியில் என்றால் பெட்டியோடு போகும். தூணில் என்றால் அங்கேயே நிற்கும்.

மறுநாள் முழுக்க திரையையும் ஜன்னலுக்கு வெளியே பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாலையில் ஏழாம் பெட்டி புது இடத்தில் சமர்த்தாகப் பூஜ்யத்துக்கு வந்தது. மூன்றாம் பெட்டி, ஏழாம் தூணில் உட்கார்ந்துகொண்டு, அதே பக்கம், அதே அளவு பின்தங்கியது. கண்ணுக்குக் கற்பாறையாக நிற்கிற தூண் சாய்கிறது!

மேலதிகாரி போனை எடுக்கவில்லை. கரையோர நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸை நோக்கி ஓடினாள்.

"பாலத்துல ஏறாதே அண்ணா!"

"மறுபடியும் வெயிலா?"

"தூண்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பஸ்ஸைப் பாலத்தின் வாயில் குறுக்கே நிறுத்தி இன்ஜினை அணைத்தான். வண்டிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், வாங்கிக்கொண்டான்.

மறுநாள் ஆற்றில் மூழ்கிப் பார்த்தவர், தூணின் அடியில் மண்ணே இல்லை, கை தோள்வரை உள்ளே போகிறது என்றார். அண்ணன் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து மட்டும் எத்தனை தடவை போனேன் தெரியுமா?"

"எட்டு," என்றாள். "நீ ஏறுறப்பல்லாம் அந்தத் தூண் நடுங்கினது திரையில தெரிஞ்சுது. நீ இறங்குற வரைக்கும் நான் மூச்சே விடல."