துண்டுக்குள் சொன்ன மார்க்

எங்கள் ஹைஸ்கூல் தலைமையாசிரியர் சென்னகேசவனைப் பொறுத்தவரை மார்க் பிள்ளைகளுடையது அல்ல, பள்ளிக்கூடத்துடையது. எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புத்தகங்கள் மதராஸிலிருந்து கட்டாக வந்து இறங்கியதும் அரக்கை உடைத்து, கதவைச் சாத்திக்கொள்வார். மூன்று நாள் கணக்கு நடக்கும். எந்த வாத்தியாருடைய பாடத்தில் எத்தனை பேர் தேறினார்கள், போன வருஷத்தைவிட எவ்வளவு ஏற்றம், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தை எத்தனை சதவீதத்தில் மிதித்தோம் என்று தசமப் புள்ளிக்குப் பிறகும் மூன்று இலக்கம் போவார். எல்லாம் முடிந்து வாசல் பலகையில் சதவீதத்தை எழுதிய பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வரும். பேப்பரில் நம்பரைப் பார்த்துப் பாஸ் என்று தெரிந்துகொண்ட பிள்ளைகூட, எத்தனை மார்க் என்று தெரியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு திரியும்.

ஐம்பத்தெட்டாம் வருஷமும் அப்படித்தான். நான் அங்கே குமாஸ்தா, பெயர் வரதராஜுலு. அவர் ஒவ்வொரு மார்க்காகப் படிக்கப் படிக்க, பதிவேட்டில் எழுதியவன் நான். அதனால் என்னிடம் சத்தியம் வாங்கினார்.

"வாயால ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாதுங்க. சீட்டுல எழுதியும் காட்டக் கூடாதுங்க."

பதினோரு வருஷம் அதே நாற்காலியைத் தேய்த்த என்னைப் பார்த்தா இந்தச் சந்தேகம்! சுருக்கென்று கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டு சத்தியம் செய்தேன்.

மத்தியானம் பாலுசாமி வந்தார். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் பெயர்போன தரகர். கூடவே மகள் நாச்சியம்மாள், எங்கள் பள்ளியில் எழுதியவள். அவள் கையில் ஒரு காலேஜ் படிவம் இருந்தது.

"ஏனுங்க, அம்மணி எத்தன மார்க்குங்க? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்தப் பாரம் கோயமுத்தூரு போய்ச் சேரோணும். நான் கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு தெரியோணுமில்லீங்க?"

விஷயம் ஊருக்கே தெரியும். அப்பாவும் மகளும் தை மாதமே பேரம் பேசியிருந்தார்கள். அறுநூற்றுக்கு நானூற்றைம்பது எடுத்தால் காலேஜ் என்று ஆரம்பித்தார் அப்பா. முந்நூற்றைம்பது என்று கேட்டாள் மகள். நானூற்றில் படிந்தது. ஒரு மார்க் குறைந்தாலும் கல்யாணம்தான். உடுமலைப்பேட்டை மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருந்தார்கள். முடித்த பேச்சைப் பாலுசாமி மாற்றி எவரும் பார்த்ததில்லை. மாற்றினால் அடுத்த சந்தையில் அவரை நம்பி யார் மாட்டை அவிழ்ப்பார்கள்?

அவள் எடுத்தது முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. காலையில் என் கையாலேயே எழுதியிருந்தேன். நாலே நாலு மார்க்! திருத்திய மகராசன் எங்கே தவறவிட்டானோ!

"சத்தியம் பண்ணிப்போட்டனுங்க. வாயைத் தொறக்கவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன்."

பாலுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலது கைமேல் போட்டார்.

"வெரலுக்குச் சத்தியம் பண்ணலீங்களே?"

அடேயப்பா! பண்ணவில்லைதான்.

சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்பார்கள். முதலில் நூறு, அப்புறம் பத்து, கடைசியில் ஒன்று. போன வருஷம் இவர் மூலம் ஒரு பசு வாங்கியபோது எனக்கு அந்தப் பாஷை பழகிவிட்டது. விலை முடிந்ததும் விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டான். புதுக் கயிற்றுக்கு என்று விலையில் நாலு ரூபாய் தள்ளினான். அதுதான் வழக்கமாம். அந்த நாலு ரூபாயில் கயிறும் வாங்கி, வரும் வழியில் நெய் ரோஸ்ட்டும் சாப்பிட்டேன்.

துண்டுக்குள் அவருடைய மூன்று விரலைப் பிடித்தேன். விட்டேன். ஐந்தும் நாலும் பிடித்தேன். விட்டேன். ஐந்தும் ஒன்றும் பிடித்தேன்.

அவர் கை அப்படியே நின்றுபோயிற்று. பிறகு என் நாலு விரலை இறுகப் பிடித்தார். நானூறு!

நான் மறுபடியும் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பிடித்தேன். அவர் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பிடித்தார். இறங்கி வருகிறாராம்! நான் அசையவில்லை. தொண்ணூற்றெட்டுக்கு வந்தார். என்ன மனுஷன் ஐயா இவர், நான் என்ன எருமையா விற்கிறேன்? கோபமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"படியாதுங்க" என்றேன். அது மார்க்கைச் சொன்னதாகாது.

அவர் கையை எடுக்கவில்லை. உள்ளங்கை வேர்த்து நனைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலேஜ் வேண்டாம் என்று நினைக்கிற மனுஷன் மார்க்கை ஏற்றியா கேட்பார்? பேச்சைக் கொடுத்துவிட்டு, அதிலே தானே மாட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

"எத்தனைங்கப்பா?" என்றாள் நாச்சியம்மாள்.

பாலுசாமி துண்டை அவள் கைமேல் போட்டு விரலைப் பிடித்தார். அவள் முகம் வாடியது. படிவத்தை இரண்டாக மடித்தாள். நாலாக மடிக்கப் போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அப்பா, நானூறுன்னு பேசுனது பேசுனதுதான். நான் மாத்தலீங்க."

"ஆமா கண்ணு."

"காலேஜை விக்கிறவரு நீங்க. வாங்கறவ நானு."

"ஆமா."

"அப்ப கயித்துக்கு நாலு தள்ளோணுமில்லீங்களா?"

பாலுசாமி அவளையே பார்த்தார். பிறகு போட்டார் பாருங்கள் ஒரு கூச்சல்!

"தள்ளோணும்! தள்ளாம எப்படி? எந்தச் சந்தையில தள்ளாம உட்டிருக்கறாங்க?"

துண்டு காற்றில் சுழன்றது. மைக்கூடு உருண்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். சென்னகேசவனின் கதவு படாரென்று திறந்தது. கையில் சிவப்பு மைப் பேனாவோடு நின்றார்.

"எழுபத்தொண்ணு புள்ளி நாலு ரெண்டு எட்டு! இன்னும் பலகையிலயே எழுதலை, அதுக்குள்ள என்னங்க சத்தம்?"

"மாட்டு யாவாரமுங்க" என்றார் பாலுசாமி.

தலைமையாசிரியர் ஜன்னல் வழியே எட்டி மாட்டைத் தேடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வரதராஜுலு, வாயத் தொறந்தீங்களா?"

"ஒரு நம்பர்கூட என் வாயில வரலீங்க."

பாலுசாமி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஃபெயிலானவர்களுக்கு என்றே வைத்திருந்த சிவப்பு மையில் காலேஜ் படிவம் முடிந்தது.

இருவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். வாசல் வரை போனேன். துண்டு இன்னும் அவர்கள் இரண்டு கைகளுக்கும் மேலே கிடந்தது.

"இன்னும் என்ன பேரம் அம்மணி?" என்று கேட்டேன்.

"பேரமெல்லாம் இல்லீங்க. மூணு, ஒம்போது, ஆறுன்னு அதையே புடிச்சுப் புடிச்சு உடறாருங்க. வெரலு வலிக்குது" என்றாள். ஆனால் கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.