மூன்றாவது வாளி

வாளியின் பிடியில் கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோதே வாளியக்காவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. விடியற்காலையிலிருந்தே காய்ச்சல். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தம்பியின் மூன்று சக்கர வண்டியில் ஏறிக் கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டாள். ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேரும் பெரிய கால்வாய் அது. சனங்கள் எழுந்து கழிப்பறைக்குப் போய்வருகிற காலை ஏழு மணிக்கு அதில் ஒரு லிட்டர் மொண்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பதுதான் அவள் பிழைப்பு. இதற்கா சம்பளம் என்று சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பட்டப்பெயரும் அவர்கள் வைத்ததுதான்.

சில மாதங்களுக்கு முன் இதே தண்ணீரில் போலியோ கிருமி இருந்தது. ஊரில் ஒரு குழந்தைக்கும் கால் விளங்காமல் போகவில்லை. அந்தப் பாழாய்ப்போன நோயின் சூட்சுமமே அதுதான். தொற்றியவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூடக் கால் போகாது. மற்றவர்கள் ஓடியாடிக்கொண்டே மலத்தின் வழியாக ஊருக்கெல்லாம் பரப்பிவிடுவார்கள். வீடு வீடாகச் சொட்டு மருந்து போட்டார்கள். தம்பியின் பத்து மாத மகளுக்கும் போட்டாயிற்று. அதற்குப் பின் எடுத்த இரண்டு வாளியிலும் கிருமி இல்லை. இது மூன்றாவது; மூன்றும் தொடர்ந்து சுத்தமாக வந்தால்தான் பரவல் நின்றதென்று எண்ணுவார்கள். இன்று விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து.

"நீ உட்காருக்கா. நான் எடுக்குறேன்." தம்பி வண்டியை விட்டு இறங்கிவிட்டான். சூம்பிய இடது காலைத் தாங்க இரும்புக் கம்பிகள் வைத்த காலிபர், கையில் ஊன்றுகோல்.

"சரிவெல்லாம் பாசிடா. விழுந்து தொலைச்சேன்னா?"

"விழுந்து எந்திரிக்கிறதுல நான் உனக்கு சீனியர்."

உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இறங்கினான். காலிபரைச் சேற்றில் முட்டுக்கொடுத்து வாளியை விட்டான். வாளியக்கா மேலேயிருந்து கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குச் சொட்டு மருந்து வந்த அந்த வருஷம் அவனுக்கும் பத்து மாதம்தான்; சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தான். சொட்டு மருந்து போடுகிற அன்று ஐந்து வயது அக்காவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அம்மா அவளை விட்டு நகரவில்லை. மறுநாள் போனபோது நர்ஸ் கிளம்பிப் போய்விட்டிருந்தாள். அடுத்த மழைக்காலத்தில் நின்ற பிள்ளை உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு மருந்து போடுற அன்னைக்கும் காய்ச்சல் எனக்குத்தான்டா." நாற்பது வருஷமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது.

அவன் வாளியை மேலே இழுத்து, தண்ணீரைச் சிந்தாமல் பாட்டிலில் ஊற்றினான். "அம்மா எப்பவோ சொல்லிருச்சு. உனக்கு அன்னைக்கு ஜன்னி கண்டு தூக்கித் தூக்கிப் போட்டுச்சாம். உன்னை விட்டுட்டு மருந்துக்குப் போயிருந்தா நீ போய்ச் சேர்ந்திருப்ப. அப்புறம் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் என்னை யாரு இடுப்புல தூக்கிட்டுப் போயிருப்பா? மூடியைக் குடு."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இப்படி ஒரு தம்பி வாய்த்ததற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவனிடம் சொன்னால் சிரிப்பான். மூடியைக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. கிருமி இல்லை. சொல்ல ஓடிவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அவன் மகள் தவழ்ந்து வந்து காலிபர் கம்பியை இரண்டு கையாலும் பற்றினாள். முக்கி முனகி எழுந்து நின்றாள்.

"அசையாதடா," என்றாள் அக்கா, மெதுவாக.

குழந்தை ஒரு கையை விட்டது.