நைட் ஷிஃப்ட் மரம்

மர மாவில் செய்த மாத்திரைகள் இரவில் தூங்கிவிடுகின்றன என்பது மருந்துத் தொழிற்சாலையில் தெரியவந்தபோது யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அந்த மாதம் சர்க்கரை விலை ஏறியிருந்தது. கேன்டீனில் அதைப் பற்றித்தான் பேச்சு. கவலைப்பட்டவள் ஒருத்திதான், மாத்திரை தயாரிப்பு ஆராய்ச்சிப் பிரிவின் தலைவி. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அவளுக்கு உடும்பு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். போகப் போக அவளே தொலைபேசியை எடுத்து "உடும்பு பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

அவளுடைய பிடி முழுவதும் தம்பியின் மேல்தான். தம்பி கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பவன், தேர்ந்த கை, வாய் அதைவிட நீளம். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு. பகலில் எட்டிப் பார்க்காது. விடிவதற்குச் சற்று முன், ஊரே அயர்ந்து கிடக்கும் நேரமாகப் பார்த்து வரும். படுக்கும்போது போடும் மாத்திரை வயிற்றில் விழுந்த கையோடு கரைந்து, இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, தேவைப்படும் நேரத்தில் கைவிரித்துவிடும். அதனால் பெற்றோர் போனபிறகு அவன் அறைக் கதவு சாத்தப்பட்டதே இல்லை. வெளியே நடையில் மெத்தை போட்டு அக்கா படுத்திருப்பாள், கோழித் தூக்கம். சத்தமே இல்லாவிட்டாலும் "டேய், உயிரோட இருக்கியா?" என்பாள். "செத்தா சொல்லி அனுப்பறேன், தூங்குக்கா," என்பான் அவன். அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "ஒரே ஒரு ராத்திரி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் தூங்கணும். வேற எதுவும் வேணாம்."

மரக்கூழைக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, பக்குவப்படுத்தி அரைத்தால் கிடைப்பது செல்லுலோஸ் மாவு. அதை மருந்தோடு சேர்த்து அழுத்திய மாத்திரை தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடாது. ஊறி, பசையாக உப்பி, கருமி கைச்செலவுக்குக் கொடுப்பதுபோல் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பகலில் கண்ணாடிக் குடுவைக்குள் அது சொன்ன பேச்சைக் கேட்டது. பொழுது சாய்ந்ததும் இறுகிப்போய், காலையில்தான் மறுபடி வேலையைத் தொட்டது. விளக்கைப் போட்டு ஏமாற்றிப் பார்த்தாள், ஏமாறவில்லை. "வயித்துக்குள்ள ஏதும்மா பகலும் ராத்திரியும்?" என்று மேலாளர் கேட்டார். "மரத்துக்குத் தெரியும் சார்," என்றாள். மேலாளர் நல்ல மனிதர். அதை ஏற்றுக்கொண்டு, பகல் மாத்திரையாக விற்றுவிடலாம் என்றார். முடியவே முடியாது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

அதன்பின் வருடங்கள் போயின. பருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. மூங்கில் படுத்ததும் போய்விட்டது. வைக்கோல் குறட்டையே விட்டது, உதவியாளர்கள் கேட்டிருக்கிறார்கள். கடற்பாசிப் பசை விழித்திருந்தது, ஆனால் கடல் பொங்கும்போது மட்டும் மருந்தை விட்டு, வடியும்போது வாயை மூடிக்கொண்டது. இறால் ஓட்டு மாவு பின்னோக்கியே நீந்தி, விழுங்கியவர்களின் தொண்டைக்கே திரும்பி வந்தது. அவளுக்கு முன்தலை நரைத்தது. ஒரு விடியலில் கட்டில் காலில் மோதித் தம்பியின் நெற்றி கிழிந்தது. தையல் போட்டுக்கொண்டு வெளியே வந்தவன், "போதும்க்கா, விட்டுடு," என்றான். இத்தனை வருடத்தில் அன்றுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே "மாட்டேன்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில், கம்பியில் உரசுகிறது என்று மின்சார ஊழியர்கள் வெட்டிப்போட்ட கிளைகள் கிடந்தன. தம்பி ஒன்றின்மேல் உட்கார்ந்து, சட்டையில் ஒட்டிய வெள்ளைப் பூவைத் தட்டிவிட்டான். அக்காவைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னான்: "இது நைட் ஷிஃப்ட் மரம்க்கா. பகல் பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கும். இருட்டினாத்தான் பூக்கும்."

அவள் சிரிக்கவில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, "எந்திரிடா" என்று அவனை எழுப்பி, கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்கு நடந்தாள்.

அந்த மரத்தின் மாவு பொழுது சாய்ந்ததும் உப்பத் தொடங்கி, விடியும்வரை மருந்தை விடுவதில் ஒரு சொட்டுக்கூடத் தவறவில்லை. அனுமதி, ஆய்வு, மறுபடி அனுமதி என்று மேலும் சில வருடங்கள் ஓடின. பரிசோதனைக்கு முன்வந்தவர்களில் தம்பியும் இருந்தான். மாத்திரை மருந்தை விடும் நேரமெல்லாம் அவர்களின் மூச்சில் பூ மணத்தது. யார் பூ கொண்டுவந்தது என்று நர்சுகள் வார்டெல்லாம் தேடினார்கள். விவரத்தாளில் பக்கவிளைவுகள் என்ற தலைப்பின்கீழ், தலைச்சுற்றல், வாய் உலர்தல் என்பவற்றுக்கு அடுத்து, பூ வாசம் என்று அச்சிட்டார்கள்.

ஒருவழியாக வீட்டில் அந்த இரவு வந்தது. தம்பி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான். நடையில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமான அந்தக் கெட்ட நேரம் நெருங்கியபோது எழுந்து, தட்டுவதற்குக் கையை ஓங்கினாள். கதவிடுக்கிலிருந்து பூ வாசம் வந்தது, நின்று நிதானமாக. ஓங்கிய கையை இறக்கினாள். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

வெயில் நன்றாக ஏறியபிறகும் அந்தக் கதவு திறக்கவில்லை. தம்பி பயந்துபோய்த் தட்டினான். "அக்கா! உயிரோட இருக்கியா?"

"செத்தா சொல்லி அனுப்பறேன். தூங்க விடுடா."

இப்போது தெருவில் அந்த வாசம் பழகிவிட்டது. எப்போதாவது இரவில் அது வராவிட்டால், எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, தம்பி மாத்திரை போட்டானா என்று கேட்டுவிட்டுப் போகிறார்.