கழுதைப்புலி பார்த்தவர்

என் அண்ணனுக்கு வாய் ஜாஸ்தி. சரணாலயத்தில் ஜீப் ஓட்டுகிறான். அந்த மலைக்காட்டு முயல்களெல்லாம் அவனைக் கேட்டுவிட்டுத்தான் புதரை விட்டு வெளியே வருகின்றன என்பதுபோலப் பேசுவான். என் கணவருக்குக் 'கழுதைப்புலி' என்று பட்டம் கட்டியதும் இந்தப் புண்ணியவான்தான்.

என் கணவர் எலக்ட்ரீஷியன். போன கோடையில் பழைய கோட்டைக்கு விளக்கு மாட்டப் போனவர், மதில் மேலிருந்து பார்த்தபோது கீழே காட்டோரம் ஒரு கழுதைப்புலி போனதாக வந்து சொன்னார்.

"இத்தனை வருஷமா ஜீப் ஓட்டுறேன், என் கண்ணுல படாதது உங்க கண்ணுல பட்டுடுச்சாக்கும்! ஏதாவது நாயைப் பார்த்திருப்பீங்க மாப்பிள்ளை" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவ்வளவுதான், டீக்கடை முதல் சலூன் வரை பரவிவிட்டது. "என்ன கழுதைப்புலி, எங்க வீட்டு ஃபேன் ஓடலை, வர்றீங்களா?" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. என் குழம்பில் உப்பு கூடினால், ஒரு தடவையாவது பேசாமல் சாப்பிட்டுத் தொலைப்பாரா என்றால், மாட்டார். அப்படிப்பட்டவர் ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாயாத்தான் இருந்திருக்கும் போல" என்றார். அதற்குப் பிறகு வேலையிலும் தடுமாற்றம். ஒயரை முறுக்கிவிட்டு, "சரியா இருக்கா, நீ கொஞ்சம் பாரேன்" என்று என்னைக் கூப்பிடுகிறார். எனக்கு என்ன தெரியும்? ஊர் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன். இவர் தன் கண்ணையே நம்பாமல் போனதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை காட்டுக்குப் போறோம்" என்றேன்.

"எதுக்கு? வேணாமே."

"நீங்க பார்த்ததை நானும் பார்க்கணும். பார்க்கிற வரைக்கும் எல்லா ஞாயிறும் போவோம்."

முதல் ஞாயிறு மயில். அடுத்த ஞாயிறு மயிலும் தூசியும். அதற்கடுத்த வாரம் தூசி மட்டும்தான். எங்களை ஜீப்பில் கூட்டிப்போன அண்ணன் ஒவ்வொரு பாறையையும் காட்டி, "மாப்பிள்ளை, அதோ!" என்று கத்திவிட்டுச் சிரிப்பான். இவர் தலையைக் குனிந்துகொள்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விடுவேனா?

அப்படி ஒரு ஞாயிறு காலை, கோட்டைக்குக் கீழே முள்காட்டில் ஜீப் இருமி இருமி நின்றுவிட்டது. இரண்டு பேரும் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார்கள். நான் பின் சீட்டில் இருந்தேன்.

பாறைக்கும் முள்செடிக்கும் நடுவில் அது வந்து நின்றது. தோள்பக்கம் உயர்ந்து, முதுகு பின்பக்கம் சரிந்து, காலில் கறுப்புக் கோடுகள். பிடரி மயிர் சிலிர்த்திருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அது பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

"என்னங்க! அது... அங்க நின்னுச்சு!"

இருவரும் தலையைத் தூக்கினார்கள். அங்கே வெறும் பாறை.

"சரியாப் போச்சு! இந்த வியாதி என் தங்கச்சிக்கும் ஒட்டிக்கிச்சா? நாயைப் பார்த்திருப்பேம்மா" என்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை ஞாயிறு அலைந்து, கடைசியில் நான் மட்டுமா பார்க்க வேண்டும்?

என் கணவர் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. "முதுகு எப்படி இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"பின்னாடி சரிஞ்சு."

"கால்ல?"

"கோடு. கறுப்பா."

 அவர் பானெட்டுக்குள் கையை விட்டு, அப்போதுதான் மாட்டிய ஒயரைப் பிடுங்கினார்.

அண்ணனின் சிரிப்பு நின்றது. "ஐயோ, என்ன பண்றீங்க மாப்பிள்ளை?"

"என் பொண்டாட்டி பார்த்தேன்னு சொன்னா, பார்த்ததுதான். சிரிச்சதை வாபஸ் வாங்குங்க மச்சான், மாட்டித் தர்றேன். இல்லைன்னா நடந்து போங்க."

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது! அண்ணன் வெயிலைப் பார்த்தான், சரணாலய கேட் இருக்கிற திசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரிப்பா. தங்கச்சி பார்த்தது கழுதைப்புலிதான்."

"அவர் பார்த்தது?" என்றேன் நான்.

"அதுவும்தான். ஆளை விடுங்க!"

என் கணவர் ஒயரை மாட்டி முறுக்கினார். சரியா என்று என்னைக் கேட்கவில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.