வெறும் மாவு

பத்துச் சின்ன விரல்கள், நகக்கண்ணெல்லாம் கோதுமை மாவு, அவற்றுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு விரிந்துகொண்டே போகிற ஒரு வட்டம், அதன் நடுவில் சுண்டுவிரலால் ஒரு சிலுவைக்கோடு போட்டுவிட்டு, போதுமா டீச்சர் என்று நிமிர்ந்து பார்க்கிறாள் தெக்லா, ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை, போதும் என்கிறேன், அது எந்த ஞாயிறு, தவக்காலத்தின் நான்காவதா ஐந்தாவதா, பதினோரு வருடம் ஆகிவிட்டது, நேற்றுகூடப் பேருந்து நிலையத்தில் எதிரே வந்தாள், கல்லூரிப் பையும் குடையுமாக, டீச்சர் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள், அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை, வீட்டுக்கு வந்து சப்பாத்திக்கு மாவு பிசைய உட்கார்ந்தவள் பாதியில் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டேன்.

கோயிலுக்குப் பின்னால், கை உடைந்த சுரூபங்களும் தேர்க்கட்டைகளும் போட்டுவைத்திருந்த அறையை நான்தான் கேட்டு வாங்கினேன், அதுவரைக்கும் மறைக்கல்வி என்றால் கோயில் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து கேள்வியும் பதிலும் ஒப்பிப்பது, கடவுள் யார் என்று நான் கேட்பேன், முழங்கால் புண்ணின் பக்கைப் பிய்த்துக்கொண்டே பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள், ஒரு சொல்லும் உள்ளே போகாது, எனக்கு அழுகை வரும், பெங்களூரில் பத்து நாள் பயிற்சியில் ஒரு வயதான சிஸ்டர், சின்னப் பிள்ளைக்குக் கைதான் முதல் காது என்றார், அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தேன், ஆசாரியிடம் சொல்லி முழங்கால் உயரத்துக்கு ஒரு பீடம், பாத்திரக்கடையில் தேடிப் பிடித்த சின்னப் பித்தளைக் கிண்ணம், நானே ஓரம் தைத்த வெள்ளைத் துணி, சொப்பு வச்சு விளையாடவா ரூம் கேட்டீங்க என்று பங்குத்தந்தை ஃபாதர் இன்னாசி சிரித்தார், ஆனாலும் சாவியைக் கொடுத்தார், பிள்ளைகள் துணி விரித்தார்கள், தண்ணீர் ஊற்றி விரல் கழுவினார்கள், பதினான்கு பிள்ளைகள், சத்தமே இல்லை, நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், இதற்குத்தான் பிறந்தேன் என்று நினைத்தேன்.

தெக்லாவை அவளுடைய அம்மா பேச்சி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு மில்லுக்குப் போய்விடுவாள், உள்ளே வரமாட்டாள், அவள் நம் வேதம் இல்லை, தெக்லாவின் அப்பா சந்தியாகு லாரி ஓட்டியவன், விபத்தில் முதுகெலும்பு போய் மூன்று வருடமாகக் கட்டிலில், இருவருக்கும் கோயில் கல்யாணம் நடக்கவில்லை, அதனால் அவனுக்கு நன்மை கிடையாது, ஃபாதர் நாவில் வைக்கிற அந்த நற்கருணை அப்பம் கிடையாது, மாதத்தின் முதல் வெள்ளிதோறும் ஃபாதர் அந்தத் தெருவில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவார், முன்னால் ஒருவர் மணி அடித்துக்கொண்டு போவார், அடுத்த வீட்டு லூர்தம்மாளின் மாமியாருக்குக் கொடுத்துவிட்டு இவர்கள் வாசலைத் தாண்டிப் போய்விடுவார், கை குவித்தபடி வாசலில் நிற்பாள் தெக்லா, ஏன் டீச்சர் எங்க வீட்டுக்கு மட்டும் வரமாட்டேங்குறாரு என்று ஒருநாள் கேட்டாள், வருவார்மா என்றேன், பேச்சிக்காக மேலே ஆயர் இல்லத்துக்குக் கோயில் கல்யாண அனுமதி கேட்டு மனு எழுதிக் கொடுத்தவளும் நானே, எட்டு மாதமாகப் பதில் இல்லை, போகும்போதெல்லாம் பார்க்கிறோம் என்பார்கள், என்னத்தைப் பார்த்தார்களோ.

அப்பம் செய்கிற பாடத்தில், இது பழகிப் பார்ப்பதற்கு மட்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும், பயிற்சியில் இரண்டு தடவை எழுதிக்கொண்டேன், அன்றைக்கு நான் சொல்லவில்லை, மறந்துவிட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன், மறக்கவில்லை, தோசைக்கல்லில் வாட்டிய அந்த வட்டங்களைப் பிள்ளைகள் பார்த்த பார்வையைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான், அவர்களைவிட எனக்குத்தான் அந்தப் பார்வை தேவையாக இருந்தது.

தெக்லா தன்னுடையதைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள், அப்பாவின் மார்பில் துவைத்த துண்டை விரித்து, டம்ளர் தண்ணீரில் அவர் விரல்களைக் கழுவி, நான் கற்றுக்கொடுத்ததில் ஒன்றையும் விடாமல் செய்து, கடைசியில் நான் கற்றுக்கொடுக்காததையும் செய்திருக்கிறாள், கிறிஸ்துவின் திருவுடல் என்று ஃபாதரைப்போலவே நீட்டியிருக்கிறாள், சந்தியாகு ஆமென் என்று சொல்லி வாங்கிக்கொண்டான், ஜன்னல் வழியாக லூர்தம்மாள் பார்த்துவிட்டாள், புதன்கிழமைக்குள் பங்கு முழுக்கப் பேச்சு, நற்கருணையை வைத்து டீச்சர் பிள்ளைகளுக்கு விளையாட்டு காட்டுகிறாள் என்று.

ஃபாதர் இன்னாசி கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் இது உறுத்தியிருக்காது, உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க, ஆனா நாளைக்கு அந்தப் புள்ள முதல்முதலா புதுநன்மை வாங்கும்போது எது நெசம்னு அதுக்கு எப்படித் தெரியும், என்றார், அது நியாயமான கேள்வி என்கிற கோபத்திலேயே, நீங்க ஒரு தடவ அந்த வீட்டுக்குள்ள போயிருந்தா அவ இதைச் செஞ்சிருக்க மாட்டா ஃபாதர் என்றேன், அவர் காபியை ஆற்றினார், ஆயர் இல்லத்துப் பேப்பர் வரட்டும், போறேன், ஞாயித்துக்கெழம புள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க, அது வெறும் மாவுன்னு, என்றார்.

சொன்னேன். பதினான்கு பிள்ளைகளையும் பீடத்தைச் சுற்றி உட்காரவைத்து, நாம் செய்தது வெறும் மாவு, கோயிலில் ஃபாதர் கொடுப்பதுதான் நற்கருணை என்று சொன்னேன், ஒரு சொல்லும் பொய் இல்லை, மற்றப் பிள்ளைகள் சரி டீச்சர் என்றார்கள், தெக்லா யோசித்தாள், அப்ப எங்கப்பா ஆமென் சொன்னாரே டீச்சர், அதுவும் சும்மாவா, என்று கேட்டாள், அது சும்மா இல்லையடி என்று பல் துலக்கும்போதும் பேருந்திலும் மனசுக்குள் ஆயிரம் தடவை அவளிடம் சொல்லியிருக்கிறேன், அன்றைக்குச் சொன்னது, கையக் கழுவிட்டு வந்து உக்காரு.

அன்று சாயங்காலமே மன்னிப்புக் கேட்கப் போனேன், சந்தியாகு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான், எனக்குத் தெரியாதா டீச்சர் அது சப்பாத்தின்னு, புள்ள நீட்டுது, எப்படி வாயத் தொறக்காம இருக்குறது, என்றான், பிறகு மெதுவாக, அவகிட்ட ஏன் சொன்னீங்க, என்றான். மறு வாரம் அந்த அறையின் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள், பழையபடி வராந்தா, பழையபடி கடவுள் யார், தெக்லா எல்லாப் பதிலையும் பிழையில்லாமல் ஒப்பித்தாள், முதல் பரிசு வாங்கினாள், அந்தப் பரிசைக் கொடுத்ததும் நான்தான்.

ஜூன் மாதத்தில் அனுமதி வந்தது, ஆயர் இல்லத்தில் நாலு தடவை போய் உட்கார்ந்து வாங்கினேன், ஃபாதர் சொன்ன சொல் தவறவில்லை, மணி முன்னால் வர அந்தத் தெருவுக்கு வந்தார், இந்த முறை வாசலைத் தாண்டிப் போகவில்லை, கட்டில் பக்கத்தில் பேச்சியை நிற்கவைத்து அவளுக்கும் சந்தியாகுவுக்கும் கல்யாணத்தை மந்திரித்தார், பேச்சி புதுச் சேலை கட்டியிருந்தாள், லூர்தம்மாள்கூட வந்து மெழுகுதிரி பிடித்தாள், நான் கேட்டதெல்லாம் நடந்துகொண்டிருந்தது, கிறிஸ்துவின் திருவுடல் என்றார் ஃபாதர், ஆமென் என்றான் சந்தியாகு, அவன் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று, எல்லோரும் அவனைப் பார்த்தோம், தெக்லா மட்டும் அவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் சேலையை இழுத்துக் குனியவைத்துக் காதருகே கேட்டாள், இது மாவா, நெசமா டீச்சர் என்று, நெசந்தாம்மா, நெசந்தான் என்றேன், பெரியவர்களிடம் மரியாதைக்குத் தலையாட்டுவதுபோலத் தலையாட்டினாள்.